கிரனாடாவில் இரண்டு இரவு: அல்ஹம்ப்ராவை மையமாக வைத்துப் பயணம் திட்டமிடுவது எப்படி

ஸ்பெயினின் தெற்கே கிரனாடாவுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில் தொடங்கி, ஹோட்டலுக்கு வந்து, கடைசியாகத்தான் குன்றின்மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனை வளாகத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இந்த ஊரில் முதலில் உறுதியாக வேண்டியது ஓர் அரை மணி நேரம்: அல்ஹம்ப்ரா வளாகத்துக்குள், கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சமான நஸ்ரிட்கள் கட்டிய அரண்மனைகளுக்குள் உங்களை அனுமதிக்கும் அந்த அரை மணி. அது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிட்டால் ரயில், தங்குமிடம், சாப்பாடு, மற்ற இடங்கள் எல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும். அது கிடைக்காமல் மற்ற எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால், ஊருக்குப் போயும் அரண்மனையின் வெளிச்சுவரைப் பார்த்துத் திரும்ப நேரிடும். ஆண்டுதோறும் நிறையப் பேருக்கு இது நடக்கிறது.

எத்தனை நாள், எந்த மாதம்

செவில்லேயிலிருந்தோ மலாகாவிலிருந்தோ காலையில் வந்து இரவில் திரும்பும் திட்டம் காகிதத்தில் சரியாகத் தெரியும். நடைமுறையில் அரண்மனை நேரம் பகல் மூன்றரைக்கு விழுந்தால் அந்த நாள் முழுவதும் மலைமேலேயே போய்விடும். எதிர்க் குன்றில் இருக்கும் அல்பைசின் என்ற பழைய குடியிருப்பை அந்தி நேரத்தில் பார்க்க முடியாது. அதைத் தவறவிட்டால் கிரனாடாவில் பாதியைப் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டு இரவு தங்கினால் ஒரு முழு நாளும் இரண்டு அரை நாளும் கிடைக்கும், அது போதும். மூன்றாவது இரவு இருந்தால் அவசரமில்லாமல் நடக்கலாம்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் குளிரும் வெயிலும் இரண்டுமே கூர்மை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சில நாள் 40ஐத் தொடும். டிசம்பர், ஜனவரி இரவுகள் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் ஆகியவை நல்ல காலம். ஏப்ரலில் இன்னொரு லாபம் உண்டு. அல்ஹம்ப்ராவுக்குப் பின்னால் சியெர்ரா நெவாதா மலைத்தொடர் அப்போதும் பனி மூடியிருக்கும். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலசென் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 3,480 மீட்டர்.

விடுமுறைகளைக் கவனியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், மே 3ஆம் தேதி சிலுவைத் திருவிழா, மே இறுதியிலோ ஜூனிலோ வரும் கோர்புஸ் கிறிஸ்தி விழா, அக்டோபர் 12, டிசம்பர் 6 முதல் 8 வரையிலான தொடர் விடுமுறை ஆகிய நாள்களில் அறை வாடகை ஏறும், அல்ஹம்ப்ரா டிக்கெட்டும் முன்னதாகவே தீரும். புனித வார ஊர்வலங்களைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அந்த வாரம் மாலையில் நகர மையத்துச் சாலைகள் அடைபடும், பேருந்துகள் வழி மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அல்ஹம்ப்ரா டிக்கெட்

அல்ஹம்ப்ராவைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் பெயர் 'பத்ரோனாதோ தெ லா அலாம்ப்ரா இ ஹெனெராலிஃபெ'. டிக்கெட்டை அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்குவதே மலிவு. தேடுபொறியில் முதலில் வருபவை பலவும் இடைத்தரகர்களின் பக்கங்கள். விலை இருமடங்காக இருந்தால் நீங்கள் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள், அல்லது வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவை வாங்கப் போகிறீர்கள். பொது டிக்கெட்டின் விலை சுமார் 20 யூரோ. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் போனால், கூட்டமான நாளில் குழந்தைக்கு அந்த நேரத்தில் இடம் இல்லை என்ற நிலை வாசலில் வரும்.

டிக்கெட்டில் பல வகை இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். உங்களுக்கு வேண்டியது 'அலாம்ப்ரா ஹெனெரால்', அதாவது பொது டிக்கெட். அல்கசாபா என்ற பழைய படைக்கோட்டை, நஸ்ரிட் அரண்மனைகள், பர்தால் தோட்டம், ஹெனெராலிஃபெ என்ற கோடை மாளிகை ஆகிய நான்கும் அதில் அடங்கும். 'தோட்டங்கள், ஹெனெராலிஃபெ, அல்கசாபா' என்று இன்னொரு வகை இருக்கிறது. விலை ஏறக்குறைய பாதி, கடைசி நிமிடம் வரை கிடைக்கும், ஆனால் நஸ்ரிட் அரண்மனைகள் அதில் இல்லை. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு வாசலில் தடுக்கப்படுபவர்கள் உண்டு. இரவு டிக்கெட்டிலும் இரண்டு வகை: ஒன்று அரண்மனைகளுக்கு மட்டும், மற்றது தோட்டங்களுக்கு மட்டும். இரவில் அரண்மனையைப் பார்ப்பது அழகான அனுபவம்தான்; ஆனால் கூரை வேலைப்பாடுகள் இருளில் மங்கிவிடும். முதல் முறை போகிறவர்கள் பகலில் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் நஸ்ரிட் அரண்மனைக்கான நேரம். பத்து மணி என்று இருந்தால் பத்திலிருந்து பத்தரைக்குள் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். தாமதமானால் அனுமதி இல்லை. நுழைந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். அல்கசாபா, ஹெனெராலிஃபெ இரண்டுக்கும் தனி நேரம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நுழைவுதான். வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? காலை எட்டரைக்குக் கிடைத்தால் அதுவே சிறந்தது. வழிகாட்டிகளோடு வரும் பெரிய குழுக்கள் பத்து மணிக்கு மேல்தான் திரளும். எட்டரைக்கு உள்ளே போனவருக்குச் சில நிமிடமாவது நீர்முற்றம் ஆளில்லாமல் கிடைக்கும், தூணின் நிழல் தண்ணீரில் கலங்காமல் நிற்பதைப் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் நாளின் கடைசி நேரங்களைப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 14 வரை வளாகம் காலை 8:30 முதல் இரவு 8 வரையிலும், மற்ற மாதங்களில் மாலை 6 வரையிலும் திறந்திருக்கும். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் மூடல்.

டிக்கெட் பெயருக்கானது. பதிவின்போது பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கும். உள்ளே ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து சரிபார்ப்பார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், ஹோட்டல் பெட்டகத்தில் விட்டுவிட வேண்டாம். தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் வரும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். படிவமோ அதைக் கட்டாயமாகக் கேட்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அந்தப் பெட்டியிலும் மறுபடி எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத முதலெழுத்தையோ அழைக்கும் பெயரையோ போட வேண்டாம். எண்ணில் ஓர் இலக்கம்கூடப் பிசகக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள், ஏனென்றால் பிறகு பெயர் மாற்றலாம், பணம் திரும்பும் என்ற நம்பிக்கையில் இதை வாங்கக் கூடாது.

நீங்கள் நினைத்த நாளில் 'தீர்ந்தது' என்று காட்டினால் உடனே கைவிட வேண்டாம். மூன்று வழிகள் உள்ளன. அதிகாரபூர்வத் தளத்தையே தினமும் இரண்டு முறை, குறிப்பாகப் பயணத்துக்கு முந்தைய சில நாள்களில், திறந்து பாருங்கள். குழுக்களுக்கு ஒதுக்கியவையும் ரத்தானவையும் திரும்ப விற்பனைக்கு வரும். அடுத்து, 'கிரனாடா கார்டு' என்ற நகர அட்டை. அல்ஹம்ப்ரா, கதீட்ரல், அரச சிற்றாலயம், சில மடாலயங்கள், பேருந்துப் பயணங்கள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அதற்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதால் பொது டிக்கெட் தீர்ந்த நாளிலும் கிடைப்பதுண்டு. மூன்றாவது, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போகும் குழு. விலை கூடுதல், வேகம் அவர்கள் வேகம். ஆனால் உள்ளே போய்விடலாம்.

விசா, அதன் வரிசை

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக விட்டுவைக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகு இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, அதனால் தேதியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

விசாவுக்கு ஹோட்டல் பதிவு காட்ட வேண்டும், ஆனால் விசா வருமா என்பது உறுதியில்லை. எனவே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பதியுங்கள். விசா கைக்கு வந்த அன்றே அல்ஹம்ப்ரா டிக்கெட், அதன் பிறகு ரயில் என்று போங்கள். விசா வருவதற்குள் அரண்மனை நேரங்கள் வேகமாகத் தீர்வது தெரிந்தால், 20 யூரோ போனாலும் பரவாயில்லை என்று டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். விமானச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிரனாடாவுக்கு நேரடி விமானம் இல்லை. மாட்ரிட் வந்து அங்கிருந்து அதிவேக ரயிலில் போவது வசதி. அதோச்சா நிலையத்திலிருந்து சுமார் மூன்றரை மணி நேரம். இந்த அதிவேகப் பாதை கிரனாடாவுக்கு 2019இல்தான் வந்தது. ஒரு நாளைக்குச் சில ரயில்களே உண்டு. முன்னதாக வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். ஸ்பெயினில் அதிவேக ரயில் ஏறும் முன் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே நடைமேடை வாசலை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னதாக நிலையத்தில் இருங்கள்.

மலாகா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு 'அல்சா' நிறுவனத்தின் பேருந்தே எளிது. விமான நிலையத்திலிருந்து நேரடியாகவும் சில பேருந்துகள் போகின்றன; இரண்டு மணி நேரப் பயணம். செவில்லேயிலிருந்து ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு, இரண்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கிரனாடாவின் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கின்றன, இரண்டும் பழைய நகரத்தில் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து 33ஆம் எண் பேருந்து நகர மையத்துக்கு வரும். ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் கொன்ஸ்தித்துசியோன் அவென்யூவில் 4ஆம் எண் பேருந்து கிடைக்கும்.

வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரத்தின் பல தெருக்களில் அனுமதி பெற்ற வண்டி மட்டுமே நுழையலாம். கேமரா எண் பலகையைப் படம்பிடிக்கும். அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும். காரில்தான் வருகிறீர்கள் என்றால் ஹோட்டலுக்கு முன்கூட்டியே எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எங்கே தங்குவது

பிளாசா நுவேவா, கதீட்ரல், பிளாசா இசபெல் லா கத்தோலிகா ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட சமதளப் பகுதியே குறுகிய பயணத்துக்கு ஏற்றது. அல்ஹம்ப்ராவுக்குப் போகும் பேருந்தும் நடைபாதையும் அங்கிருந்தே தொடங்குகின்றன. அல்பைசினில் தங்குவது படத்தில் கவர்ச்சியாக இருக்கும்: வெள்ளைச் சுவர், சாளரத்தில் கோட்டை. ஆனால் அங்கே தெருக்கள் கூழாங்கல் பதித்த செங்குத்தான சந்துகள். டாக்சி பல வாசல்களுக்கு வராது, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். முதுகுப் பை மட்டும் வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தங்கலாம். முதியவர்களோடு வருபவர்கள் கீழேயே இருங்கள்.

அறை பதியும்போது கோடையென்றால் குளிர்சாதனம், குளிர்காலமென்றால் வெப்பமூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளின் அறைகள் ஜனவரியில் எலும்புவரை குளிரும்.

அல்ஹம்ப்ரா நாள்

மேலே போக இரண்டு வழி. பிளாசா நுவேவாவிலிருந்து கோமெரெஸ் ஏற்றத்தில் நடந்தால் மாதுளை வாசலைத் தாண்டி மரநிழலில் இருபது நிமிடத்தில் நீதி வாசலை அடையலாம். ஏற்றம் கடுமைதான், ஆனால் ஓடைச் சத்தம் கூடவே வரும். நடக்க முடியாதவர்களுக்கு பிளாசா இசபெல் லா கத்தோலிகாவிலிருந்து சி30 என்ற சிறு பேருந்து உண்டு.

பலர் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய், ஹெனெராலிஃபெ பக்கத்துத் தலைமை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். டிக்கெட் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அது தேவையில்லை. 1348இல் கட்டிய நீதி வாசல் வழியாக நேரே உள்ளே நுழையலாம். அல்கசாபாவும் நஸ்ரிட் அரண்மனையும் அங்கிருந்து கூப்பிடு தூரம். தலைமை வாசலில் இறங்கியவருக்கு அரண்மனையை அடைய உள்ளே இன்னும் 15, 20 நிமிட நடை இருக்கிறது. 'பத்து மணிக்கு வந்துவிட்டோமே' என்று அங்கே இறங்கி மூச்சிரைக்க ஓடுபவர்கள் பெரும்பாலும் இந்த நடையைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான்.

அரண்மனை நேரம் பத்து மணி என்று வைத்துக்கொள்வோம். எட்டரைக்கு நீதி வாசல், உடனே அல்கசாபா. வேலா கோபுரத்தின் உச்சியில் நின்றால் நகரம் முழுவதும், எதிரே அல்பைசின், பின்னால் பனிமலை. 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி நஸ்ரிட் சுல்தானான போவாப்தில் நகரத்தை இசபெல், ஃபெர்னாந்தோ என்ற கிறிஸ்தவ அரச தம்பதியிடம் ஒப்படைத்தபோது அல்ஹம்ப்ராவில் புதிய கொடி ஏறியது. ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து இறங்கி, கழிப்பறைக்குப் போய்விட்டு, தண்ணீர் குப்பியை நிரப்பிக்கொண்டு, 9:50க்கு நஸ்ரிட் வரிசையில் நில்லுங்கள். முதுகுப் பையை முன்புறம் மாட்டச் சொல்வார்கள். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. ஃபிளாஷ் போடக் கூடாது.

உள்ளே பாதை ஒரு வழிப் பாதை. மெஸ்வார் மண்டபம், கோமாரெஸ் முகப்பு, மிர்ட்டில் செடிகள் கரையிட்ட நீர்முற்றம், தூதர் மண்டபம், சிங்க முற்றம் என்ற வரிசையில் போகும். கடந்த இடத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள். அதனால் நேரத்தைப் பங்கிடத் தெரிய வேண்டும். பெரும்பாலானோர் மெஸ்வாரிலேயே ஐம்பது படம் எடுத்துக் களைத்து, சிறந்த அறைகளை அவசரமாகக் கடக்கிறார்கள். நேரம் செலவிட வேண்டியவை மூன்று.

முதலாவது, தூதர் மண்டபம். முதலாம் யூசுஃப் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுவரைப் பார்க்கும் முன் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை நட்சத்திரங்களாகக் கோத்து, ஏழு வானங்களை அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். கண் இருளுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் கறுப்பாக மட்டுமே தெரியும்.

இரண்டாவது, சிங்க முற்றம். ஐந்தாம் முகம்மதுவின் காலத்தது. 124 பளிங்குத் தூண்கள், நடுவில் பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் நீர்த்தொட்டி. தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு சம்ராக்கின் கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் சிங்கத்தை மொய்க்கும்போது நீங்கள் ஓரத்துக்கு நகர்ந்து தூண்களின் இடைவெளியைக் கவனியுங்கள். சில இடத்தில் ஒற்றை, சில இடத்தில் இரட்டை என்று மாறி மாறி வரும்.

மூன்றாவது, அதே முற்றத்தின் வடக்கே இருக்கும் இரு சகோதரிகள் மண்டபம். கூரையிலிருந்து தேன்கூடு போலத் தொங்கும் சுண்ணச் சிற்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறைகள். நடுவில் நின்று நேர்மேலே பாருங்கள், பிறகு மெல்ல ஓரத்துக்கு வாருங்கள். சன்னல்களிலிருந்து வரும் ஒளி ஒவ்வோர் அடிக்கும் அதன் உருவத்தை மாற்றும்.

சுவர் முழுக்க ஒரே அரபு வாசகம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்: 'இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை.' நஸ்ரிட் வம்சத்தின் முழக்கம் அது. இந்த அரண்மனையின் பெருமை பொன்னாலோ விலையுயர்ந்த கல்லாலோ வந்ததில்லை. பெரும்பகுதி செங்கல், சுண்ணச்சாந்து, மரம், ஓடு. தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை சாந்தில் ஊறிக் கெடுக்கும். அறுநூறு ஆண்டுக்கு மேல் தாங்கிய வேலைப்பாடு அது. தயவுசெய்து குழந்தைகளுக்கும் முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

அங்கிருந்து வெளியே வந்தால் பர்தால் தோட்டம். வளாகத்தின் நடுவில் பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் மாளிகை இருக்கிறது: 1527இல் தொடங்கியது, வெளியே சதுரம், உள்ளே வட்டமான முற்றம். நுழைவு இலவசம், தரைத்தளத்தில் அல்ஹம்ப்ரா அருங்காட்சியகமும் உண்டு. அரண்மனையின் நுணுக்கத்தைப் பார்த்த கையோடு இதைப் பார்ப்பவர்களுக்குக் கனமாகத் தோன்றும். அதைக் காலையில் முதலில் பார்ப்பது நியாயம்.

பன்னிரண்டு மணிவாக்கில் ஹெனெராலிஃபெ. சுல்தான்களின் ஓய்வு மாளிகை அது. நீள் கால்வாயின் இருபுறமிருந்தும் வளைந்து விழும் நீர்த்தாரைகளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்; அவை 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. நஸ்ரிட் காலத்தின் கைவண்ணம் வேண்டுமென்றால் மேலே ஏறி நீர்ப்படிக்கட்டுக்குப் போங்கள். படியின் கைப்பிடிச் சுவரே வாய்க்கால். அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். தார்ரோ ஆற்றின் மேற்பகுதியிலிருந்து அரச வாய்க்கால் கொண்டு வந்த தண்ணீர்தான் இந்த மலைக்கோட்டையை வாழவைத்தது. அது இல்லையென்றால் முற்றமும் இல்லை, தோட்டமும் இல்லை.

அரண்மனை நேரம் பிற்பகலில் என்றால் வரிசையை மாற்றுங்கள். ஹெனெராலிஃபெ முதலில், மூன்று மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, பிறகு அல்கசாபா, கடைசியில் அரண்மனை. கோடையில் அல்கசாபாவைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கவே கூடாது. அங்கே நிழல் கிடையாது.

இறங்க, தலைமை வாசலருகே தொடங்கும் 'குவெஸ்தா தெல் ரேய் சீகோ' என்ற சரிவுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். கோட்டைச் சுவரை ஒட்டியே இறங்கி தார்ரோ ஆற்றங்கரையில் பசேயோ தெ லோஸ் த்ரிஸ்தெஸ் சதுக்கத்தில் விடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அவர்கள் பேருந்திலேயே திரும்பட்டும்.

அல்பைசின், கதீட்ரல் பகுதி

அல்பைசினை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ரோ கரைச் சாலையில் 11ஆம் நூற்றாண்டு அரபுக் குளியலகமான பன்யுவேலோவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சந்துகளில் ஏறலாம். அல்லது சி31, சி32 சிறு பேருந்தில் மேலே போய் இறங்கி நடந்து வரலாம். முதியவர்களுக்கு இரண்டாவது வழி. சூரியன் மறைவதற்கு நாற்பது நிமிடம் முன்பு சான் நிகோலாஸ் மேடையில் இருந்தால் அல்ஹம்ப்ராவின் சுவர் செம்மண் நிறத்துக்கு மாறுவதைக் காணலாம். அங்கே கூட்டம் நெருக்கும். பையின் ஜிப் முன்பக்கம் இருக்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே 2003இல் திறந்த கிரனாடா பெரிய மசூதியின் தோட்டத்துக்குப் போங்கள். அது திறந்திருக்கும் நேரத்தில் அதே காட்சி, அமைதியாக. மழை பெய்த நாளில் கூழாங்கல் வழுக்கும். ரப்பர் அடிப்பகுதியுள்ள காலணி அவசியம்.

மறுநாள் காலை கதீட்ரல் பகுதி. நேரம் குறைவென்றால் கதீட்ரலை விட்டாலும் அரச சிற்றாலயத்தை விடாதீர்கள். இசபெல், ஃபெர்னாந்தோ, அவர்கள் மகள் ஹுவானா, மருமகன் ஃபெலிபெ ஆகியோரின் பளிங்குக் கல்லறைகள் மேலே. கீழே நிலவறையில் அவர்களது ஈயப் பெட்டிகள், எந்த அலங்காரமும் இல்லாமல். இசபெல் சேர்த்த ஓவியங்களும் அவருடைய மணிமுடியும் செங்கோலும் பக்கத்து அறையில் இருக்கின்றன. சிற்றாலயத்துக்கும் கதீட்ரலுக்கும் தனித்தனி டிக்கெட். ஞாயிறு காலையில் வழிபாட்டுக்காகப் பார்வையாளர்களை கதீட்ரலுக்குள் விடுவதில்லை. கடைசி நாள் ஞாயிறாக அமைந்தால் அதை முந்தைய நாளுக்கு நகர்த்துங்கள். இந்தப் பகுதியில் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்து, கைரேகை பார்த்துப் பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். கையை நீட்டாமல் 'நோ, கிராசியாஸ்' என்று நடந்துவிடுங்கள்.

பக்கத்திலேயே கொர்ரால் தெல் கர்போன், 14ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரம். இலவசம், பத்து நிமிடம் போதும். அல்கைசெரியா என்ற பழைய பட்டுச் சந்தை 1843 தீயில் அழிந்து மறுபடி கட்டியது. இப்போது நினைவுப்பொருள் கடைகள். கவிஞர் லோர்காவை வாசித்தவர்கள் அவரது கோடை வீடான ஹுவெர்தா தெ சான் விசென்தேக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

சாப்பாடு

கிரனாடாவில் பானம் ஒன்று வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். பீர், வைன் மட்டுமில்லை. குளிர்பானத்துக்கும் 'மோஸ்தோ' என்ற திராட்சைச் சாற்றுக்கும் வரும். மூன்று கடை மாறினால் இரவு உணவு முடிந்தது. நேரம்தான் நமக்குப் புதிது: மதிய உணவு இரண்டு மணி முதல் நான்கு வரை, இரவு உணவு எட்டரைக்கு மேல். மாலை ஐந்து, ஆறு மணிக்குப் பல சமையலறைகள் மூடியிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் பகல் உணவை முக்கிய உணவாக்கி, 'மெனு தெல் தியா' என்ற பகல் நேரத் தொகுப்பைக் கேளுங்கள். சாப்பாடும் தண்ணீரோ பானமோ சேர்த்துப் பெரும்பாலும் 12 முதல் 16 யூரோ.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இலவசத் தட்டில் என்ன வருகிறது என்பது கடைக்காரர் விருப்பம், அதில் பெரும்பாலும் இறைச்சியோ மீனோ இருக்கும். அவரைக் கறி என்று வருவதில் பன்றித் தொடைத் துணுக்கு கலந்திருக்கும். சால்மொரெஹோ என்ற கெட்டித் தக்காளிக் கூழின் மேல் அதையும் முட்டையையும் தூவுவார்கள். 'காய்கறி சாலட்'டில் டூனா மீன் இருக்கும். பானம் சொல்லும்போதே 'சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள். 'கார்னே இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடையையோ மீனையோ இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். நம்பிக்கையோடு கேட்கக்கூடியவை: கரும்புப் பாகு ஊற்றிய வறுத்த கத்தரிக்காய், காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு, முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட். சக்ரோமோந்தே ஆம்லெட் என்பது வேறு. அதில் மூளை சேர்ப்பார்கள். கல்தெரெரியா தெருவின் மொரோக்கோ உணவகங்களில் காய்கறிக் குஸ்குஸ் கிடைக்கும். ஹலால் உணவு தேடுபவர்களுக்கும் அந்தத் தெருவே முதல் இடம்; எதற்கும் கடையில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டே கிடைக்காமல் போனால்

அப்போதும் மேலே போகலாம். நீதி வாசல், ஐந்தாம் கார்லோஸ் மாளிகை, அதன் அருங்காட்சியகம், காயே ரியால் தெரு எல்லாவற்றுக்கும் டிக்கெட் வேண்டாம். தோட்டங்களும் அல்கசாபாவும் அடங்கிய டிக்கெட்டையும் அன்றே முயலலாம். மலையின் மறுபக்கத்தில் கார்மென் தெ லோஸ் மார்த்திரெஸ் என்ற பழைய தோட்ட மாளிகை இருக்கிறது. நுழைவு இலவசம், மயில்கள் உலவும். மாலையில் இரவு நேர அரண்மனை டிக்கெட் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள். வார நடுவில், குளிர்கால மாதங்களில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.